ஒரு பொறியாவது

முதல் பொறி மூடிக் கிடந்தது.

யூலாலி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிளை ஏதாவது விழுந்து தட்டியிருக்கும். இல்லையென்றால் மிங்க் கீரி இரையைக் கவ்விக்கொண்டு தப்பித்திருக்கும்.

இரண்டாவதும் மூடிக் கிடந்தது. தாடைகளுக்கு நடுவே ஒரு முடிகூட இல்லை.

மூன்றாவது தரையிலேயே இல்லை. சங்கிலியைச் சுருட்டி, ஸ்ப்ரூஸ் மரக்கிளையில் ஒழுங்காக மாட்டியிருந்தது.

அவள் அங்கேயே பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வடகோடி ஏரிக்கரையில் பொறி வைக்கிற எவனும், இனி திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தால் பொறியைத் திறந்துபோட்டுவிட்டுப் போகமாட்டான். எடுக்க ஆளில்லாத பொறியில் ஒரு ஜீவன் கால் மாட்டிக்கொண்டு கிடந்து சாகும். அதைவிடப் பெரிய பாவம் அவர்களுக்குக் கிடையாது.

அவள் புருஷன் இசிடோரைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆறு ஏரியில் வந்து சேரும் இடத்தில் பனிக்கட்டி உடைந்து உள்ளே போய்விட்டான். பனிக்கட்டி எங்கே கனம், எங்கே மெலிசு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவன். அப்படிப்பட்டவன் அங்கே எப்படிக் காலை வைத்தான் என்று ஊரில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கோடையிலிருந்தே அவன் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

இன்று காலையில் அவனுடைய தம்பி அம்புரோஸ் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணன் வச்ச பொறியெல்லாம் அப்படியே கெடக்கும் அண்ணி. பாவம், வாயில்லாத ஜீவனுங்க. நீங்க இந்தக் கரையப் பாருங்க, நான் அந்தக் கரையப் பாத்துக்கிட்டு வரேன்."

ஜீவன்களுக்காகப் போகவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு பொறியாவது திறந்திருக்க வேண்டும். திறந்திருந்தால் அவன் திரும்பி வர நினைத்தவன். பாழாய்ப்போன பனிக்கட்டி என்று திட்டி, அழுது தீர்த்துக்கொள்ளலாம்.

அவளைவிட அம்புரோஸுக்குத்தான் அது அதிகம் வேண்டியிருந்தது. கடைசியாக அண்ணனோடு அவன் பேசியது சண்டையில். "எப்பப் பாரு மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு. எங்கயாவது போய்த் தொலை!" என்று கத்தியிருந்தான். சவப்பெட்டியை மூடும்போது அவன் அழக்கூட இல்லை. கல்லாக நின்றான்.

யூலாலி எழுந்து நடந்தாள். போகப்போக எல்லாம் மூடியே கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டாள்.

கடைசிப் பொறியும் மூடியிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு ஆத்திரம் வந்தது. "கீரிக்குப் பாவம் பாத்தியே, எனக்குப் பாத்தியா?" என்று காட்டைப் பார்த்துக் கத்தினாள்.

எதிர்க்கரையில் அம்புரோஸின் நாய் குரைத்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிப் பொறியைத் தரையில் வைத்தாள். இரண்டு பக்கமும் நீண்டிருந்த ஸ்பிரிங்குகளின்மேல் பக்கத்துக்கொரு காலாக வைத்து ஏறி நின்றாள். அசையவில்லை.

பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, லின்க்ஸ் காட்டுப்பூனைக்கும் தாங்குகிற மாதிரி தடித்ததாக இசிடோர் இந்தக் கோடையில்தான் மாட்டினான். அன்றைக்கும் அவள் ஏறி நின்று பார்த்தாள். "நீ ஏறி நின்னா பொறிக்குக் கிச்சுகிச்சு மூட்டுன மாதிரிதான் இருக்கும்" என்று சிரித்தான். அந்தக் கோடையில் அவன் சிரித்தது அது ஒரு தடவைதான்.

சாக்கைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு மறுபடியும் ஏறினாள். அவன் மூடிவைத்த இரும்பெல்லாம் சேர்ந்து அவளை அழுத்தியது. ஸ்பிரிங்குகள் மெல்ல இறங்கின. தாடைகள் விரிந்து விழுந்தன. அப்படியே குந்தி, கொக்கியைத் தட்டில் மாட்டினாள்.

ஸ்பிரிங்குகள் இரண்டையும் ஏரிப் பக்கமாகத் திருப்பிவிட்டாள். இசிடோர் அப்படித்தான் வைப்பான். அம்புரோஸ் காட்டுப் பக்கம் திருப்புவான். எது சரி என்று ஒவ்வொரு குளிர்காலமும் சாப்பாட்டு மேசையில் அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் மடையன் என்று திட்டிக்கொள்வார்கள்.

மேலே ஸ்ப்ரூஸ் இலையைத் தூவி, பனியை ஊதிவிட்டு, கிளம்பினாள்.

இரண்டு கரையும் சேரும் முனையில் அம்புரோஸ் ஓட்டமும் நடையுமாக வந்தான். முகம் வீங்கியிருந்தது. இமைமுடியெல்லாம் உறைந்திருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் சொல்லிவிட்டான்.

"அண்ணி, ஒண்ணு திறந்திருக்கு! நீங்க உங்க கண்ணால பாக்கணும்னு தொடாம விட்டுட்டு வந்தேன். அண்ணன் திரும்பி வரத்தான் நெனச்சிருக்காரு அண்ணி!"

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காலில் பனி இழுக்க இழுக்க அவன் பின்னாலேயே ஓடினாள். ஐயோ, நான்தான் அவசரப்பட்டுத் தப்பாக நினைத்துவிட்டேன், என்னை மன்னித்துவிடு என்று இசிடோரிடம் சொல்லிக்கொண்டே ஓடினாள்.

அம்புரோஸ் மண்டியிட்டு மேலே கிடந்த கிளைகளை விலக்கினான்.

பொறி திறந்துதான் இருந்தது.

ஸ்பிரிங்குகள் இரண்டும் காட்டுப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தன.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்புரோஸ் பொறியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தான்.

"ஆமா, அவரு வச்சதுதான்" என்றாள்.

பிறகு குனிந்து அவன் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"என் கரையிலயும் ஒண்ணு திறந்திருக்கு அம்புரோஸ். வா, நீயும் பாத்துரு."