நான்காவது கேமரா

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் லோகநாயகி ஹாலுக்கு ஓடி வந்து மவுஸைக் கையில் எடுத்தாள்.

எடுத்துவிட்டாளே தவிர, எதையும் அழுத்தவில்லை. மிக்ஸி, கிரைண்டர் என்றால் தயங்காமல் பிரித்துப் பார்த்துவிடுவாள். இது அவருடைய பெட்டி. டிவிக்குக் கீழே பச்சை விளக்கு எரிய, நாலு கேமராவும் பிடிப்பதையெல்லாம் இரவு பகலாக விழுங்கிக்கொண்டிருக்கும் பெட்டி.

அவர் குளித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிய வேண்டும். கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பாலசுப்ரமணியனுக்குக் குளியலும் அளவுதான்.

காலையில் பால் ஊற்ற வந்த பூங்கொடி குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

“யம்மா, உன் புள்ள ரயிலு டேசனாண்ட குந்திகினு கீது. மத்தியானமா வூட்டுக்கு வரேன்னு சொல்லச் சொல்லிச்சு.”

சம்பத் வருகிறான் என்றால் அவனுக்குப் பசி. வந்து போனால் வீட்டில் ஒரு பொருள் குறையும்.

ஒரே பிள்ளை. படித்தான், சென்னையில் நல்ல வேலைக்குப் போனான், குடித்தான், வேலை போயிற்று. அம்மா கழுத்துச் சங்கிலியை விற்றுக் குடித்த அன்று அவர் அவனை வாசலுக்கு வெளியே நிறுத்தினார். அதன் பிறகு பித்தளை அண்டா போயிற்று, தண்ணீர் மோட்டார் போயிற்று. திருடன் யார் என்று தெருவுக்கே தெரியும். வீட்டில் மட்டும் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை.

அதற்குத்தான் கேமரா. எவனாக இருந்தாலும் முகம் மட்டும் தெரியட்டும், அன்றைக்கே சிடி போட்டு ஸ்டேஷனில் கொடுத்துவிடுகிறேன் என்று அவர் சாமி படத்துக்கு முன்னால் நின்று சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனிதர். அவளுக்குப் பயமே அதுதான்.

கேமரா மாட்டிய ஜெபகுமார் அன்று பொறுமையாக விளக்கினான். தரத்தை உச்சத்தில் வைத்தால் முகத்தில் இருக்கும் மரு கூடத் தெரியும், ஆனால் ஒரு வாரத்தில் ஹார்ட் டிஸ்க் நிறைந்து பழசு அழிந்துவிடும். குறைத்து வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும், ஆள்தான் அடையாளம் தெரியாது. காட்டுவதற்காக அவளையே பின்கட்டில் போய் நிற்கச் சொன்னான். டிவியில் நேராக ஓடும் படம் எப்போதும் பளிச்சென்றுதான் இருந்தது. பதிவைப் போட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அதில் அவளுக்கு மூக்கும் இல்லை, முழியும் இல்லை. புடவை கட்டிய கட்டங்கள் நின்றுகொண்டிருந்தன.

அவர் நாலையும் உச்சத்தில் வைக்கச் சொன்னார். எறும்பு போனாலும் அதன் காலை எண்ண வேண்டும் என்றார்.

போன மாதம் கேஸ் சிலிண்டர் காணாமல் போனபோது அவர் ஹால் கதவைச் சாத்திக்கொண்டு பதிவைப் பார்த்தார். அடுக்களையில் அவளுக்கு உயிர் கையில் இல்லை. சம்பத் அன்று துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத்தான் சிலிண்டரைத் தூக்கினான், கேமராவுக்கு நேரே. அவள் தட்டைக் கழுவுவதுபோல் திரும்பிக்கொண்டாள்.

வெளியே வந்தவர், படுபாவி தலையில் துண்டைப் போட்டு மூடியிருக்கிறான், முகம் தெரியவில்லை என்றார்.

சம்பத்திடம் துண்டே இல்லை. அம்மன்தான் அவர் கண்ணை மறைத்தாள் என்று நினைத்து, வெள்ளிக்கிழமை கோயிலில் எலுமிச்சை விளக்குப் போட்டாள்.

அம்மன்தான் எத்தனை தடவை மறைப்பாள்? அதனால்தான் பின்கட்டுப் படத்தின் தரத்தைக் குறைத்துவிட இன்று மவுஸைத் தொட்டாள். பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியும். பெட்டி, பீரோ, ஏடிஎம் எல்லாவற்றுக்கும் அவருடைய அலுவலக எண்தான்.

ஜெபகுமார் திறந்த வழியிலேயே ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

வாசல் கேமரா, ஹையஸ்ட். போர்ட்டிகோ, ஹையஸ்ட். மாடிப்படி, ஹையஸ்ட்.

நான்காவது, பின்கட்டு. லோயஸ்ட்.

தப்பாகத் திறந்துவிட்டோமோ என்று வெளியே வந்து மறுபடி போய்ப் பார்த்தாள். அதேதான். அதற்குக் கீழே போக வழியில்லை.

அன்று மாட்டிவிட்டுப் போன ஜெபகுமார் அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை. அவரைத் தவிர இந்தப் பெட்டியை வேறு யாரும் தொடுவதில்லை.

அப்படியென்றால் துண்டு என்றது பொய், பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகுதான் இதைக் குறைத்திருக்கிறார். அவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். பிள்ளை சாப்பிட்டதை, அவள் திரும்பிக்கொண்டதை, எல்லாவற்றையும்.

சந்தோஷப்பட வேண்டியவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன்னால் முடியாவிட்டாலும் அவராவது ஒருநாள் இவனைப் பிடித்து நிறுத்திவிடுவார் என்று இத்தனை நாள் உள்ளூர நம்பிக்கொண்டுதான் சோறு போட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. இனி அவனை நிறுத்த ஆளில்லை.

தண்ணீர் நின்றது. திரையில் திறந்ததையெல்லாம் மூடிவிட்டு எழுந்து போய் இலை போட்டாள்.

வேலையில் இருந்தவரை மதியத்தில் கண்ணயராதவர், இப்போதெல்லாம் சாப்பிட்டதும் அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறார். போகுமுன் தினமும் கேட்பதை இன்றும் கேட்டார்.

“பின்கதவைப் பூட்டிட்டியா?”

பூட்டாமலே பூட்டிவிட்டேன் என்பாள் தினமும்.

“இல்லீங்க.”

அவர் அவளைப் பார்க்கவில்லை. டிவியில் நான்காவது கட்டத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்த துவைக்கிற கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மோர் கொஞ்சம் எடுத்து வை” என்றார். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் இன்னும் அவர் கையில் காயவில்லை.

அறைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.