நாலு வாக்குமூலம்

"நாலு பேரும் பேசி வெச்சுக்கிட்டுப் பொய் சொல்றாங்க, பாஸ்டர்!"

பாஸ்டரின் அறைக்குள் நுழைந்த இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. போலீஸ்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் விபத்துகளைத் துருவித் துருவி விசாரித்து ஓய்வுபெற்றவர். சர்ச்சில் எல்லோருக்கும் அவர் இன்னும் இன்ஸ்பெக்டர்தான்.

போன ஞாயிறு சர்ச் வாசலில் இருந்த கண்ணாடி அறிவிப்புப் பலகை காலோடு சாய்ந்து நொறுங்கிப் போயிருந்தது. வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பார்த்தவர்கள் நாலு பேர்: வாட்ச்மேன், பெருக்கும் அம்மா, தையல்கார அக்கா, பாட்டுக்குழு மாஸ்டர்.

"தையல் மெஷின்கிட்டப் போய்க் கேட்டேன். பாட்டுப் பயிற்சிக்கு நடுவுல கேட்டேன். தனித்தனியாத்தான் கேட்டேன். நாலு பேரும் ஒரே பாட்டு. 'திடீர்னு ஒரு காத்து அடிச்சுது, பலகை விழுந்துடுச்சு.' ஒரு எழுத்து கூடல, குறையல!"

"காத்தாவே இருந்துட்டுப் போகட்டுமே சார்."

"அதெப்படி? போன ஞாயிறு என் பைபிள் வகுப்புல அந்தக் காலேஜ் பொண்ணு என்ன கேட்டா? ஆண்டவரோட கல்லறைகிட்ட இருந்த தேவதூதர் ஒருத்தர்னு ஒரு சுவிசேஷம் சொல்லுது, ரெண்டு பேர்னு இன்னொண்ணு சொல்லுது, எப்படி அங்கிள் நம்புறதுன்னு கேட்டா. நான் என்ன சொன்னேன்?"

பாஸ்டருக்கு அது மனப்பாடம். இந்த வாரத்தில் மட்டும் ஆறு தடவை கேட்டாயிற்று.

"சின்ன விஷயத்துல மாறி, முக்கியமானதுல ஒத்துப்போனா அதுதான் நிஜமான சாட்சின்னு சொன்னீங்க. சுவிசேஷம் எழுதினவங்க கூடிப் பேசி எழுதியிருந்தா அந்த வித்தியாசத்தை முதல்லயே சரிபண்ணியிருப்பாங்க. சீஷன் பேதுரு ஆண்டவரைத் தெரியாதுன்னு மூணு தடவை மறுதலிச்சதையும் வெளியே விட்டிருக்க மாட்டாங்க. சரிதானே?"

"அதேதான்! வேதத்தை நான் நம்புறதுக்கு அது ஒரு காரணம். இந்த நாலு பேரை நம்பாததுக்கும் அதுவேதான் காரணம்."

பாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "காத்து இல்லேன்னா வாட்ச்மேன் கேட்டைக் கவனிக்கலைன்னு ஆயிடும். கமிட்டி அவரை வீட்டுக்கு அனுப்பிடும் சார்."

"அதுக்காகப் பொய்யா? சர்ச்சுக்குள்ளேயா? கூப்பிடுங்க நாலு பேரையும்!"

நாலு பேரும் வந்து சுவரோரமாக நின்றார்கள். இன்ஸ்பெக்டர் தாளும் பேனாவுமாகத் தயாரானார்.

"உண்மையைச் சொல்லுங்க. வாட்ச்மேன் வேலைக்கு நான் பொறுப்பு. கமிட்டிகிட்ட நானே பேசுறேன்."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தையல்கார அக்காதான் முதலில் வாய் திறந்தார்.

"ஒரு கார் சார். பின்னாடி எடுக்கும்போது பலகையோட இடது காலை லேசா இடிச்சுது."

"இடது இல்லக்கா, வலது," என்றார் மாஸ்டர். "லேசா எல்லாம் இல்ல, நல்லாவே இடிச்சுது."

"இடிச்சதும் விழல. கார் தெருமுனை தாண்டின பிறகுதான் விழுந்துச்சு," என்றார் பெருக்கும் அம்மா.

"தாண்டுறதுக்கு முன்னாடியே விழுந்துடுச்சும்மா," என்றார் வாட்ச்மேன்.

இன்ஸ்பெக்டருக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

"பார்த்தீங்களா பாஸ்டர்! எந்தக் கால்னு ஒத்துப்போகல, எப்போ விழுந்துச்சுன்னு ஒத்துப்போகல. ஆனா கார் இடிச்சதுல நாலு பேரும் ஒண்ணு. இதுதான் சாட்சி! சரி, ஓட்டினது யாரு?"

பாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சும்மா சொல்லுங்க. இடிச்சுட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமப் போயிருக்கான். மனுஷனா அவன்? அவனை நான் விடப் போறதில்ல."

வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நீங்கதான் ஐயா. உங்க வீட்டம்மா தவறினதுக்கப்புறம், அன்னைக்கு வகுப்பு முடிஞ்சுதான் முதல் தடவையா வாய்விட்டுப் பாடிக்கிட்டே காரை எடுத்தீங்க. கூப்பிட்டு நிறுத்த எங்க யாருக்கும் மனசு வரல."