சக்கரத்தில் சுண்ணாம்பு

மாங்காய்ச் சீசன் முடிந்து, வறண்ட மம்சாபுரம் கண்மாயில் ஆண்டுதோறும் நடக்கும் வேன் பந்தயத்தில் இந்த முறையும் என் மகன் அசன் முகம்மதுதான் ஜெயித்திருக்கிறான். தோற்றவர் தன் துண்டால் ஜெயித்த வண்டியைத் துடைக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். தோற்ற சூசை குனிந்து எங்கள் மெட்டடார் வேனைத் துடைக்கிறார். சாய்ந்த வெயிலில் முன்டயரின் ஓரம் வெள்ளையாகத் தெரிகிறது. கடைசி வளைவில் தாண்டக்கூடாத கோட்டின் ஈரச் சுண்ணாம்பு அது. மகன் தாண்டியதைக் கொடி பிடித்து நின்ற நான் பார்த்தேன், வாய் திறக்கவில்லை. சூசையின் கை நிற்கிறது. நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார்.

"ஏலே சூசை, அம்புட்டு அழுக்கா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேலி செய்கிறான்.

"வெறும் புழுதிதான்லே," என்று அழுத்தித் துடைக்கிறார். வெள்ளை ஏறிய சிவப்புத் துண்டை உதறாமல் தோளில் போட்டுக்கொண்டு, ஜெயித்த வண்டியின் முதலாளியான எனக்குப் போர்த்த வேண்டிய சால்வையை எடுத்து வருகிறார். குட்டையான மனிதர்.

"செத்தக் குனிங்க, மொதலாளி."

எவர் முன்னும் குனியாத குடும்பம் எங்களுடையது. குனிகிறேன்.