டம், டம், ஒரு கெட்ட வார்த்தை

"இது வேணாம் தங்கச்சி. ஏரோப்ளேன் ஓட்டுற மாதிரி இத்தனை பட்டன். லேசா ஒண்ணு தேடு" என்றார் தகடு வெட்டும் மிஷினை ஓட்டும் பிரஸ்காரர்.

பட்டறையில் பில் போடும் பெண் அதை மூடினாள். முதலாளி காசுக்கு அழுகிறவர். அதனால் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ்தான். இசை கோக்கும் மென்பொருள் அதில் கொட்டிக் கிடந்தது. மனுஷன் தொடுகிற மாதிரிதான் ஒன்றும் இல்லை.

அடுத்ததைத் திறந்தாள்.

"சத்தம் எந்தப் பக்கம் போகணும்னு நம்மளையே கேக்குது" என்றான் வெல்டர். பிரஸ்காரரின் மச்சினன். "நம்ம முதலாளி எழுதினதா இருக்கும்."

"சிரிக்காதே மச்சான். நாலு மணிக்கு ஸ்கூல்ல ஓட்டப் பந்தயம். போன வருஷமும் போகலை, அதுக்கு முந்தியும் போகலை. இந்தத் தடவையும் வரலைன்னா, அப்பான்னு உன்னைத்தான் காட்டுவேங்கிறா என் மக."

"என்னையா? அவளுக்கு மானம் மரியாதை இல்லையா?"

லீவு கேட்டதற்குக் காலையிலேயே பதில் கிடைத்துவிட்டது. "பிரஸ் சத்தம் நின்னா உன் வேலையும் நிக்கும்" என்று சொல்லிவிட்டு முதலாளி மாடியேறிவிட்டார். பகலெல்லாம் மேலே உட்கார்ந்து காதாலேயே மேய்க்கிறவர். அவர் இருமினால் போதும், கீழே கைகள் தானாக வேகம் எடுக்கும்.

பிரஸ் அடிக்கும் சத்தத்தை பிரஸ்காரர் போனில் பிடித்து வைத்திருந்தார். அதைக் கோத்து ஓடவிட்டுவிட்டு நழுவ வேண்டும். சாயங்காலம் காட்ட வேண்டிய வாஷர் வளையங்களை நேற்றே அடித்துச் சாக்குக்கு அடியில் ஒளித்தாயிற்று.

இன்னும் ஒன்றைத் திறந்தாள். வெறும் கட்டங்கள். ஒன்றைத் தொட்டால் 'டம்'. இன்னொன்றைத் தொட்டால் தகடு நகரும் 'சர்ர்'.

"இதுதான்! இதுதான்!"

டம், டம், சர்ர், டம். வெல்டர் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"ரொம்பச் சீரா இருக்கு, மாட்டிக்குவே. நடுவுல கெட்ட வார்த்தை வந்தாத்தான் நீ ஓட்டுறேன்னு நம்புவார்."

பிரஸ்காரர் போனை வாயருகே பிடித்து, மிஷினின் பிறப்பைப் பற்றி மனதாரச் சொன்னார்.

"இதை எங்கே வைக்கட்டும்ணே?" என்றாள் அவள், முகம் மாறாமல்.

"தகடு மாட்டுறப்பல்லாம் வை. அப்பதான் கை நசுங்கும்."

ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நிஜ பிரஸ்ஸை நிறுத்தினார்கள். டம், டம், சர்ர், கெட்ட வார்த்தை, டம்.

மேலே இருமல். பிறகு நாற்காலி இழுபடும் ஓசை. ஆண்கள் இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

யாரும் இறங்கி வரவில்லை.

"நம்பிட்டார்யா!" பிரஸ்காரர் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினார். "நீ நல்லா இருப்பே தங்கச்சி. அத்தனை குப்பையில இதை எப்படிக் கண்டுபிடிச்சே?"

"கண்டுபிடிக்கலைண்ணே. முதலாளிக்குப் போட்டுக் குடுத்ததும் இதேதான். வெளியே சொல்லாதேன்னார். நீங்க பதறுறதைப் பார்த்து மனசு கேக்கலை."

"அவருக்கு எதுக்கு இது? அவர் எந்த பிரஸ்ஸை ஓட்டுறார்?"

மாடியில் மறுபடியும் இருமல். நாற்காலி.

"காலையில உங்களைத் திட்டின கையோட, பின்படி வழியா இறங்கி வீட்டுக்குத் தூங்கப் போயிடுவார்ணே" என்றாள். "இருமல் அவரோடது. நாற்காலியை இழுக்கிறது மட்டும் என் சொந்த யோசனை."