ஏழாம் நம்பர்

"பதிவேட்டுலேர்ந்து என் நம்பரை அடிச்சிடுங்க டீச்சர். இந்தக் கை உருப்படாது."

இஸ்திரிப் பெட்டியை மேசைமேல் தள்ளி வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள் ஏழாம் நம்பர். சமுதாயக் கல்லூரியின் பழுதுபார்ப்புக் கூடத்தில் மற்றவர்கள் தேர்வை முடித்துக் கிளம்பியாயிற்று. இவள் போட்ட இணைப்பில் மட்டும் இரண்டாம் முறையும் ஃபியூஸ் போய், இப்போதுதான் விளக்கு திரும்ப எரிந்தது. மொத்தம் மூன்று வாய்ப்பு. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

டீச்சரின் கூடத்தில் யாருக்கும் பேர் கிடையாது, பெஞ்சு நம்பர்தான். ஓய்வுபெற்ற அதிகாரி மூன்று. அவருடைய ஆபீஸ் வாசலில் காவல் நின்றவர் நான்கு. வயசு, வசதி, வாய்ச்சவடால் எல்லாவற்றையும் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வரவேண்டும்.

"அடிக்கிறேன் ஏழு. மூணாவது தடவையும் போட்டுப் பார்த்துட்டுப் போங்க."

"மறுபடியும் இருட்டாக்கவா? இந்த வயசுல எனக்கு இது தேவையா? வீட்ல ஒருத்தி இருக்கா. நான் ஃபெயிலானா சிரிக்க மாட்டா. அதான் இன்னும் கஷ்டமா இருக்கு."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"நானே பத்தாவது ஃபெயில். கைக்குழந்தையை விட்டுட்டு இதே பெஞ்சுல வந்து உட்கார்ந்தேன். முதல் வாரமே கட்டடம் பூரா இருட்டு. எல்லாரும் கைதட்டினாங்க. அழுதுகிட்டே வீட்டுக்குப் போய், இனிமே போக மாட்டேன்னுட்டேன்."

ஏழாம் நம்பர் பையின் வாரைப் பிடித்தபடி நின்றாள்.

"வீட்ல ஒருத்தங்க என் பையைக் கையில திணிச்சு, வெளியில தள்ளிக் கதவைச் சாத்திட்டாங்க. 'குழந்தையை நான் பார்த்துக்கறேன். முடிக்காம வந்தா இந்தக் கதவு திறக்காது'ன்னாங்க."

"வீம்புக்காரி போல" என்றாள் ஏழாம் நம்பர், தரையைப் பார்த்துக்கொண்டே.

"சாதாரண வீம்பா? இன்னிக்கு வரைக்கும் குறையலையே! அதனாலதான் படிச்சேன், பதினோரு வருஷம் ஒர்க்‌ஷாப்ல மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுத்தினேன், இங்கேயே டீச்சராவும் வந்தேன். ஃபியூஸ் போகாத கையை நான் நம்பவே மாட்டேன். போனா மாத்திக்கலாம். அதுக்குத்தானே அது இருக்கு?"

பை தரைக்கு இறங்கியது.

ஏழாம் நம்பர் திருகாணிகளைக் கழற்றினாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி உள்ளே பார்த்தாள். முடி போல ஒரே ஒரு செம்பு இழை, வெளியே நீட்டிக்கொண்டு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அடப்பாவி! நீதானா?"

இழையை முறுக்கி உள்ளே தள்ளி, மூடினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். கூடம் இருட்டாகவில்லை. இஸ்திரிப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"நீங்க கடைசி வரைக்கும் எங்கே தப்புன்னு சொல்லவே இல்லையே டீச்சர்!"

"நான் சொன்னா அது என் கண்ணு. இப்போ பார்த்தது உங்க கண்ணு."

பதிவேட்டில் ஏழுக்கு எதிரே 'தேர்ச்சி' என்று எழுதிவிட்டு, டீச்சர் கூடத்தைப் பூட்டினாள். இருவரும் கேட்டைத் தாண்டினார்கள். தாண்டியதும் டீச்சர் அந்தக் கனத்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வாங்க அத்தை, போலாம். முடிச்சுட்டீங்கல்ல, இன்னிக்கு நம்ம வீட்டுக் கதவு திறக்கும்!"