ஒன்பதாம் நம்பர் செருப்பு

"கேமராவை எங்க மாட்ட?" என்று ஏணியில் நின்றபடி கேட்டார் கடைக்காரர்.

மாட்ட முடிகிற இடத்தில் எல்லாம் மாட்டுங்கள் என்றேன்.

நாளை மதியம் எனக்கு ஃபிளைட். மறுபடி அயர்லாந்து. இந்த வில்லாபுரம் வீட்டில் இனி அம்மா மட்டும்தான்.

கூட வா என்றால் வரமாட்டாள். அப்பாவுக்கு முப்பதாம் நாள் கும்பிடாமல் வீட்டைப் பூட்டக் கூடாதாம். வருகிறேன் என்றாலும் உடனே விசா கிடைக்காது, அது வேறு கதை.

பயம் எனக்குத்தான். பக்கத்துத் தெருவில் தனியாக இருந்த ஒரு டீச்சரம்மா கழுத்தில் கிடந்ததைப் பட்டப்பகலில் அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அம்மா கழுத்தில் இப்போது அறுப்பதற்கு ஒன்றும் இல்லை. அது வருகிறவனுக்குத் தெரியவா போகிறது?

அதனால் வாசலுக்கு இரும்பு கிரில். கதவுக்கு உள்பக்கம் இன்னொரு தாழ்ப்பாள். யாராவது காம்பவுண்டைத் தாண்டினால் என் போனில் கத்துகிற அலாரம்.

"அங்கிட்டுக் கத்துனா இங்கிட்டு யாருத்தா வருவா?" என்று கேட்டாள் அம்மா.

பதில் இல்லாவிட்டால் எனக்குக் கோபம் வரும். கொஞ்சம் சும்மா இரும்மா என்று கத்தினேன்.

கத்தின சத்தத்தில் எதிர்வீட்டு கனகலட்சுமி அக்கா வந்துவிட்டார்.

அவர்களும் நாங்களும் ஒரே ஊர். அதாவது, அவர்கள் ஊருக்குள்ளே. நாங்கள் ஊருக்கு வெளியே. அப்பா அவர்கள் வயலில் கூலிக்கு நின்றவர். நான் படித்தேன், வெளிநாடு போனேன், மதுரையில் இந்த வீட்டைக் கட்டினேன். அடுத்த வருஷமே எதிர்வீட்டை விலைக்கு வாங்கிக்கொண்டு அவர்கள் வந்தார்கள். வரட்டுமே. ஒரே தெரு, ஒரே தண்ணீர் லாரி. இனிமேல் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அக்காவைப் பார்த்ததும் அம்மா எழுந்து நின்றாள். நான் முறைத்தேன். அப்படியும் உட்காரவில்லை.

அக்கா கேமராவை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். "எதுக்கு பாண்டிமீனா இம்புட்டும்? வாசல்ல ஒரு ஆம்பளைச் செருப்பு கெடந்தாப் போதும், ஒரு பய உள்ள வரமாட்டான். எங்க வீட்டுக்காரர் வெளியூர் போனா நான் அதத்தான் செய்வேன். ஏ மலையம்மா, ஒம்புருசன் செருப்பு இருக்கா, தூக்கிப் போட்டுட்டியா?"

அம்மாவைவிட அக்கா பத்து வயசாவது சின்னவர். பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

ஆனால் யோசனை நல்ல யோசனை. அயர்லாந்தில் உட்கார்ந்து எத்தனையோ வீடியோ பார்த்தேன், இதை ஒருத்தனும் சொல்லவில்லை.

அம்மா உள்ளே போய் எடுத்து வந்தாள். செருப்பு பீரோவில் இருந்திருக்கிறது.

போன லீவில் நான் வாங்கிக் கொடுத்த தோல் செருப்பு. ஒன்பதாம் நம்பர். சர்க்கரை இருக்கிறது, வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதால் வாங்கியது. வீடியோ கால் வந்தால் அப்பா முதலில் முகத்தைக் காட்டமாட்டார். காலைத்தான் காட்டுவார். "பாத்துக்கத்தா, போட்டிருக்கேன்."

அக்கா செருப்பைத் தொடவில்லை. திருப்பு என்று விரலால் காட்டினார். திருப்பினேன்.

அடிப்பக்கம் தேயவே இல்லை. கடை ஸ்டிக்கர் ஒட்டினபடியே இருந்தது.

"இது புதுசால்ல இருக்கு! களவாணிப்பய பாத்த ஒடனே கண்டுபுடிச்சிருவான். ரோட்டுல நல்லாத் தேச்சுட்டு அப்புறம் போடுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா போனார்.

எதிர்வீட்டுக் கதவு சாத்துகிற வரைக்கும் அம்மா காத்திருந்தாள்.

"அவுக கண்ணு முன்னால தான எங்கிட்டும் போகணும். அவுகளுக்கு எதுக்கச் செருப்புக் காலோட எப்பிடிப் போறதுன்னு ஒங்கப்பா வெறுங்காலோடதான் போவாரு. நீ போன் பண்றப்ப மட்டும் எடுத்து மாட்டிக்கிருவாரு."

"அவங்க ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஒண்ணுஞ் சொல்லல. சொல்லணுமாத்தா?"

அப்பா செத்தது காலில். உள்ளங்காலில் துருப்பிடித்த ஆணி ஏறி, புண் ஆறாமல், விரலை எடுத்து, பாதத்தை எடுத்து, அதற்கு மேல் எடுப்பதற்குள் போய்விட்டார். செருப்புப் போடுகிற மனுஷனுக்கு உள்ளங்காலில் எப்படி ஆணி ஏறும் என்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு எல்லாரையும் திட்டினேன். அம்மாவையும் திட்டினேன்.

செருப்பைக் கீழே போட்டு மாட்டினேன். என் கால் அதற்குள் கிடந்து ஆடியது.

தெருவில் இறங்கி நடந்தேன்.

எதிர்வீட்டு கேட்டுக்கு நேராக. போனேன், திரும்பினேன், மறுபடி போனேன். காலைத் தூக்கவில்லை, சிமெண்டில் இழுத்தேன். சரட், சரட் என்று தெரு முழுக்கக் கேட்டது. ஏணியில் இருந்தவர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "வேணாம், வந்துருத்தா" என்று அம்மா வாசலில் நின்று கையை ஆட்டினாள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை அவர் கோபமாகக் கேட்டால் போதும். அப்பாவின் காலைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்.

கனகலட்சுமி அக்கா நிலையில் சாய்ந்துகொண்டு என் காலைப் பார்த்தார். பிரியமாகச் சிரித்தார்.

"அப்பிடித்தான் பாண்டிமீனா. நல்லாத் தேயட்டும்."