சாவி வாங்காத ஆள்

“உளவாளியேதான்!” ஆபீஸ் சோபாவில் கிடந்த தன் தலையணையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார் கேம் கம்பெனி முதலாளி.

அவர்களுடைய கேம் இலவசம். கோட்டைக் கதவு வரை காசில்லாமல் போகலாம். உள்ளே நுழையச் சாவி வாங்க வேண்டும். ஆடுபவர்கள் பொறுமையிழந்து வாங்கினார்கள், அல்லது திட்டிவிட்டு விலகினார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் தினமும் வந்து, கதவைத் தட்டி, காவலாளி பேசுவதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

“போட்டிக் கம்பெனிக்காரன் நம்ம பூட்டை நோட்டம் விடுறான். அவன் கணக்கைத் தூக்கிடும்மா.”

“சந்தேகப்பட்டு நானே சாவியை இலவசமா அனுப்பிப் பாத்தேன் சார். வேண்டாம்னு பதில் வந்துச்சு” என்றாள் டிசைனர்.

“பாத்தியா! உள்ளே வர்ற எண்ணமே இல்லை. எதுக்குத்தான் வர்றான்?”

“கதவு திறந்துட்டா காவலாளி மறைஞ்சிடுவாரே சார். அப்புறம் ‘வந்துட்டியா கண்ணு, சாப்பிட்டியா?’ன்னு கேக்க ஆள் இருக்காது.”

“இதைக் கேக்கவா ஒருத்தன் தினமும் வருவான்? கதை விடாதே. யாரு அது, கண்டுபிடிச்சியா இல்லையா?”

அவள் சோபாவில் கிடந்த தலையணையைப் பார்த்தாள்.

“உங்க பொண்ணு சார். காவலாளிக்குக் குரல் கொடுத்தது நீங்கதானே?”